டான்ஸ் பீரியட் அன்று மட்டும் வரும் வயிற்று வலி

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: மகனுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. பள்ளியில் இந்த ஆண்டிலிருந்து வாரத்துக்கு ஒரு நடன வகுப்பு, எல்லோருக்கும் கட்டாயம். அந்த நாள் காலையில் மட்டும் அவனுக்கு வயிற்று வலி வந்துவிடுகிறது. மூன்று நான்கு வயதில் எந்தப் பாட்டு காதில் விழுந்தாலும் ஆடிய பிள்ளை, இப்போது "அதெல்லாம் பொண்ணுங்க வேலை" என்கிறான். விலக்கு கேட்டுக் கடிதம் கொடுப்பதா, கட்டாயப்படுத்தி அனுப்புவதா என்று உங்களுக்கும் கணவருக்கும் இழுபறி.

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நடனம் சொல்லிக்கொடுப்பதுதான் என் வேலை, அதனால் இந்த வயிற்று வலி எனக்கு நன்றாகவே பழக்கம். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விலக்குக் கடிதம் இப்போதைக்கு வேண்டாம். "போய்த்தான் ஆகணும்" என்று தள்ளிவிடுவதும் வேண்டாம். அந்த வகுப்பில் எந்த நிமிடத்தில் அவனுக்கு வயிறு சுருங்குகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். உடம்பை அசைப்பதே பிடிக்காத எட்டு வயதுப் பையனை நான் பார்த்ததில்லை. நாலு பேர் பார்க்கத் தனியாக ஆடுவது, பக்கத்தில் நிற்கும் பெண்ணின் கையைப் பிடிப்பது, எல்லோருக்கும் வரும் ஸ்டெப் தனக்கு மட்டும் வராமல் நிற்பது, பட்டாம்பூச்சியாக மாறச் சொல்வது: பையன்கள் ஓடுவது பெரும்பாலும் இவற்றில் ஒன்றைப் பார்த்துத்தான். எது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது, ஏனென்றால் இவை எல்லாமே ஆசிரியர் நினைத்தால் மாற்றக்கூடியவை.

முன்பு ஆடியவன் இப்போது ஏன் மறுக்கிறான் என்பதைப் பார்ப்போம். மூன்று வயதுப் பிள்ளைக்குப் பார்ப்பவர் என்றால் கைதட்டுபவர். எதிரில் இருப்பவர் மனசுக்குள் வேறு ஏதாவது நினைக்கக்கூடும் என்ற யோசனையே அவனுக்கு இன்னும் வந்திருக்காது. ஐந்து, ஆறு வயதில் ஆண் பெண் என்ற பிரிவினை பிள்ளைகளுக்குப் பெரிய விஷயமாகிறது. எந்த நிறம் யாருக்கு, எந்தப் பொம்மை யாருக்கு என்று கறாராகச் சட்டம் பேசுவார்கள். இந்தக் கறார் அந்த வயதில்தான் உச்சத்தில் இருக்கும், ஏழெட்டு வயதில் தளர ஆரம்பிக்கும் என்று வளர்ச்சி உளவியல் ஆய்வுகள் சொல்கின்றன. அப்படியானால் எட்டு வயதில் சிக்கல் குறைய வேண்டுமே என்று கேட்பீர்கள். குறைவதில்லை. அவனுடைய சட்டம் தளரும் நேரத்தில் கூட்டாளிகளின் சட்டம் வந்துவிடுகிறது. இரவு தூங்கப் போகும்போது தனியாகக் கேட்டுப் பாருங்கள், "பசங்களும் ஆடலாம்" என்று அவனே சொல்வான். அதே பையன் பக்கத்தில் மூன்று நண்பர்கள் இருந்தால் முகத்தைச் சுளிப்பான். ஆகவே "பொண்ணுங்க வேலை" என்ற வாக்கியத்தை அவனுடைய முடிவான கருத்தாக எடுத்துக்கொண்டு வாதாட வேண்டாம். அது பெரும்பாலும் கையில் கிடைத்த ஒரு கேடயம். பின்னால் வேறு எதையோ மறைத்துக்கொண்டிருக்கிறான்.

கை பிடிக்கும் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரியவர்கள் இதைச் சிரித்துத் தள்ளிவிடுகிறோம். எட்டிலிருந்து பத்து வயது வரை பையன்களும் பெண் பிள்ளைகளும் தாங்களாகவே தனித்தனிக் கூட்டமாகப் பிரிவது உலகம் முழுக்கப் பார்க்கக்கூடியது. அமெரிக்கச் சமூகவியலாளர் பேரி தார்ன் தொடக்கப் பள்ளி வகுப்பறைகளிலும் மைதானங்களிலும் மாதக்கணக்கில் இருந்து கவனித்ததை 1993-ல் நூலாக எழுதினார். பிள்ளைகள் இந்த எல்லைக்கோட்டை விளையாட்டாலேயே போட்டுக்கொள்கிறார்கள் என்பது அவர் கவனித்த விஷயங்களில் ஒன்று. அந்தப் பக்கத்துப் பிள்ளை தொட்டால் ஏதோ ஒட்டிக்கொள்ளும் என்பது போன்ற தொடு விளையாட்டுகள், துரத்தல்கள், கிண்டல்கள். இப்படிப்பட்ட ஒரு கூட்டத்துக்கு நடுவில் ஆசிரியர் வந்து "ஜோடி சேருங்கள், கையைப் பிடியுங்கள்" என்றால், அந்தப் பையன் காதில் விழுவது நடனக் கட்டளை இல்லை. "எல்லோர் முன்னாலும் கோட்டைத் தாண்டு" என்ற கட்டளை.

ஸ்காட்லாந்தில் இது ஒரு தலைமுறைக்கே பொதுவான நினைவு. டிசம்பர் நெருங்கும்போது அங்கே பல பள்ளிகளில் உடற்கல்வி வகுப்பில் 'கே கார்டன்ஸ்', 'ஸ்ட்ரிப் தி வில்லோ' போன்ற கூட்டு நடனங்களைச் சொல்லிக்கொடுப்பார்கள். பையன்கள் ஒரு சுவரோரம், பெண் பிள்ளைகள் எதிர்ச் சுவரோரம், நடுவில் வெறும் தரை. போய் ஒருவரை அழைக்க வேண்டும். சட்டைக் கையை விரல் நுனிவரை இழுத்துவிட்டு, துணியை மட்டும் நீட்டி ஆடியதை வளர்ந்த ஆண்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். இதில் வேடிக்கை, அதே ஆண்கள் பின்னாளில் கல்யாண வீடுகளில் அந்த ஆட்டங்கள் தெரிந்திருப்பதற்காகச் சந்தோஷப்படுகிறார்கள். கூச்சம் போன பிறகும் ஸ்டெப் உடம்பில் தங்கிவிடுகிறது. விலக்குக் கடிதம் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

கை பிடிக்கும் கூச்சத்துக்கு மருந்தும் இருக்கிறது, அது ஜோடியை அடிக்கடி மாற்றுவது. அரை நிமிடத்துக்கு ஒரு முறை ஆள் மாறினால் யாரும் யாருடைய 'ஜோடி'யும் இல்லை, கிண்டலுக்கு விஷயமே கிடைக்காது. நியூயார்க்கில் பால்ரூம் நடனக் கலைஞர் பியர் டுலெய்ன் 1994-ல் அரசுப் பள்ளிகளில் தொடங்கிய திட்டத்தில் பத்து, பதினோரு வயதுப் பிள்ளைகள் ஃபாக்ஸ்டிராட், ரும்பா, மெரெங்கே, டாங்கோ என்று ஜோடி நடனம்தான் கற்கிறார்கள். முதல் வகுப்பில் முகம் சுளிக்காத பிள்ளை இருக்காது. வட்டமாக நிற்க வைத்து, நிமிடத்துக்கு நிமிடம் அடுத்தவரிடம் நகர வைத்து, ஒவ்வொரு முறையும் மரியாதையாக வணக்கமும் நன்றியும் சொல்ல வைக்கும்போது தொடுவது ஒரு நாகரிகமாக மாறிவிடுகிறது. 2011-ல் அவர் இன்றைய இஸ்ரேலில் இருக்கும், தான் பிறந்த யாஃபா நகருக்குப் போய், யூதப் பிள்ளைகளையும் பாலஸ்தீனப் பிள்ளைகளையும் இதே முறையில் சேர்ந்து ஆட வைத்தார். அந்தக் கோட்டோடு ஒப்பிட்டால் உங்கள் மகனின் வகுப்புக் கோடு ரொம்ப மெல்லியது. கை பிடிக்கவே முடியாத பிள்ளைக்கு முழங்கையைக் கோத்துக்கொள்ளச் சொல்லலாம், ஆளுக்கொரு முனையாக ஒரு துணியைப் பிடிக்கச் சொல்லலாம். நான் முதல் மாதம் முழுக்க முழங்கையோடுதான் ஓட்டுவேன்.

அடுத்தது, பார்க்கப்படுவது. பல வகுப்புகளில் நல்ல எண்ணத்தோடு செய்யும் கொடுமை ஒன்று உண்டு. ஒவ்வொருவராக நடுவில் வந்து "உனக்குப் பிடித்த மாதிரி ஆடு" என்பார்கள். பெரியவர்களே இதற்கு ஆட மாட்டார்கள். வெட்கப்படும் பையன் அந்த இடத்தில் இரண்டில் ஒன்றைச் செய்வான்: சிலையாக நிற்பான், இல்லை கோமாளித்தனம் செய்வான். கோமாளிகளைத்தான் நாம் "டான்ஸ் கிளாஸைக் கெடுக்கும் பையன்கள்" என்று திட்டிக்கொண்டிருக்கிறோம். தானே விழுந்து எல்லோரையும் சிரிக்க வைத்துவிட்டால், பிறகு அவர்கள் சிரிப்பது தன் ஆட்டத்தைப் பார்த்து இல்லை என்றாகிவிடுகிறது அல்லவா? புத்திசாலித்தனமான தற்காப்பு. எல்லோரும் ஒரே நேரத்தில் ஆடினால் இந்தத் தற்காப்பு தேவைப்படாது.

மேடை நிகழ்ச்சி இதைவிட மோசமான வியாதி. விழாவுக்கு ஆறு வாரம் முன்பு வகுப்பு நின்றுபோய் ரிகர்சல் ஆரம்பமாகும். நன்றாக ஆடும் பெண் பிள்ளைகள் முன்வரிசை. பையன்கள் பின்வரிசையில் குச்சியையோ கொடியையோ பிடித்துக்கொண்டு இடமும் வலமும் அசைய வேண்டும். அப்படி ஒரு வருடம் நின்ற பையன் நடனத்தைப் பற்றிக் கற்றுக்கொண்டது ஒன்றுதான், அது தனக்கான இடம் இல்லை என்று. ஜிகினா உடுப்பைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை.

பட்டாம்பூச்சி விவகாரத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அன்றைய ஹங்கேரியில் பிறந்து, நாஜிகளின் காலத்தில் ஜெர்மனியை விட்டு இங்கிலாந்துக்கு வந்த ருடால்ஃப் லாபன் என்ற நடன அறிஞர் 1948-ல் பள்ளி நடனம் பற்றி ஒரு நூல் எழுதினார். போருக்குப் பிந்தைய பிரிட்டிஷ் தொடக்கப் பள்ளிகளில் அவருடைய சிந்தனை பரவியது. கூடவே வானொலியில் பள்ளிகளுக்கான இசையும் அசைவும் நிகழ்ச்சிகள் வந்தன. கூடத்தில் ஒலிபெருக்கி, பனியனும் அரைக்கால் சட்டையுமாக நாற்பது பிள்ளைகள், "இப்போது நீங்கள் ஒரு மரம், காற்று வீசுகிறது" என்று ஒரு குரல். அந்த மரமும் காற்றும் இன்றுவரை உலகத்தில் பாதிப் பள்ளிகளை விட்டுப் போகவில்லை. ஆனால் லாபன் உண்மையில் கொடுத்துவிட்டுப் போன கருவி வேறு. எந்த அசைவையும் எடை, நேரம், இடம், ஓட்டம் என்ற நான்கால் பிரித்துப் பார்க்கலாம் என்றார். கனமா லேசா, திடீரென்றா நிதானமாகவா, நேராகவா வளைந்தா, கட்டுப்பட்டா கட்டவிழ்ந்தா. இதை எட்டு வயதுப் பையன்களிடம் கொடுத்துப் பாருங்கள். "பட்டாம்பூச்சி மாதிரி பற" என்றால் சுவரைப் பார்ப்பவன், "கனமாக, தரையோடு, திடீரென்று, மூன்றே அசைவு" என்றால் உடனே இறங்கிவிடுவான். பட்டாம்பூச்சியில் தப்பு இல்லை. அதில் எது சரி எது தவறு என்று அவனுக்குத் தெரியவில்லை, அதுதான் தொல்லை. விதி தெளிவாக இருந்தால் பையன்கள் பயப்படுவதில்லை. பெண் பிள்ளைகளிலும் பட்டாம்பூச்சியை வெறுப்பவர்கள் நிறைய, அவர்கள் சத்தமில்லாமல் செய்துவிட்டுப் போகிறார்கள்.

உடம்பைப் பற்றியும் இரண்டு வார்த்தை. இந்த வயதில் ஒற்றைக் கால் சமநிலை, நொண்டியடிப்பது, தாவித் தாவி ஓடுவது போன்றவை சராசரியாகப் பெண் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் முன்னதாகக் கைகூடுகின்றன. எறிவதில் பையன்கள் முந்துவார்கள். நடன வகுப்பு ஆரம்பமாவதே தாவலிலும் சமநிலையிலும்தான். மைதானத்தில் ராஜாவாக இருப்பவன் இங்கே முதல் பத்து நிமிடத்திலேயே கடைசி ஆளாகிறான், இது அவனுக்குப் பழக்கமில்லாத இடம். தாளத்திலும் ஒரு நுட்பம் உண்டு. குழந்தைகளின் இயல்பான தாள வேகம் பெரியவர்களுடையதைவிட அதிகம். சின்னப் பிள்ளைகளுக்கு எளிது என்று நினைத்து மெதுவான பாட்டைப் போடும் ஆசிரியர்கள் உண்மையில் கஷ்டத்தைக் கூட்டுகிறார்கள். ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் காத்திருப்பதுதான் சின்னப் பிள்ளைக்கு வராத வித்தை. நிமிடத்துக்கு 120 அடிக்குக் கீழே நான் எதுவும் ஆரம்பத்தில் போடுவதில்லை. அப்புறம், ஆசிரியர் பிள்ளைகளைப் பார்த்து நின்று "வலது கால்" என்று தன் வலது காலைத் தூக்கினால் பாதி வகுப்பு குழம்பும். ஒன்று முதுகைக் காட்டி ஆட வேண்டும், இல்லை கண்ணாடி போல மாற்றி ஆட வேண்டும். இவ்வளவு சின்னத் தப்பால்கூட ஒரு பையன் "எனக்கு டான்ஸ் வராது" என்று முடிவு கட்டிவிடுவான்.

சரி, "பொண்ணுங்க வேலை" என்பதற்கு என்ன பதில்? வாதம் வேண்டாம் என்றேன், கதை சொல்லலாம். பிரான்ஸில் பதினான்காம் லூயி 1653-ல், பதினான்கு வயதில், அரசவை பாலேயில் சூரியனாக வேடமிட்டு ஆடினார். 'சூரிய மன்னர்' என்ற பட்டப்பெயர் அவரோடு நிலைத்துப்போனதில் அந்த வேடத்துக்குப் பங்கு உண்டு. 1661-ல் அவரே நடனத்துக்கு ஒரு அரச கழகம் அமைத்தார். பாரிஸ் ஆப்பரா மேடையில் தொழில்முறைப் பெண் நடனக் கலைஞர்கள் முதலில் ஏறியது 1681-ல். அதுவரை அந்த மேடையில் பெண் வேடத்தையும் ஆண்கள்தான் ஆடினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் எல்லாம் தலைகீழாகிவிட்டது. பாலேரினா, அதாவது பாலே ஆடும் பெண் மேல் மோகம் பிடித்த பாரிஸ் ரசிகர்களுக்கு ஆண் ஆடுவதே பிடிக்காமல் போனது. 1870-ல் 'கொப்பேலியா' பாலே அரங்கேறியபோது கதாநாயகன் ஃபிரான்ஸ் வேடத்தையே ஒரு பெண்தான் ஆடினார். உங்கள் மகன் இன்று ஒப்பிக்கும் வாக்கியத்துக்கு ஐரோப்பாவில் வயது அவ்வளவுதான். வேறு பக்கங்களில் பார்த்தால் நியூசிலாந்து மாவோரிகளின் ஹாக்கா, ஜார்ஜியாவின் கத்தி நடனம், கேரளத்தின் கதகளி என்று ஆண்களே முன்னால் நிற்கும் ஆட்டங்கள் எத்தனையோ. பையன்களுக்கு இவையெல்லாம்விட ஒரு தகவல்தான் அதிகம் பிடிக்கும்: புரூஸ் லீ 1958-ல் ஹாங்காங் சா-சா நடனப் போட்டியில் சாம்பியன். இதைச் சொன்னதும் வகுப்பில் ஒரு நிமிடம் பேச்சே இருக்காது.

இதே வழியில் இன்னும் கொஞ்சம் போனால் ஒரு பள்ளம் இருக்கிறது. இங்கிலாந்துக் கால்பந்து அணியின் முன்னாள் வீரர் ரியோ ஃபெர்டினாண்ட் சிறுவயதில் லண்டனில் பாலே பள்ளிக்குப் போனவர். அமெரிக்கக் கால்பந்தின் லின் ஸ்வான் சின்ன வயதிலிருந்து பாலே கற்றவர். "பார்த்தாயா, டான்ஸ் ஆடினால் கோல் போடலாம்" என்று சொல்ல அப்பாக்களுக்கு ஆசை வரும், உங்கள் கணவருக்கும் வந்திருக்கலாம். ஒரு வாரத்துக்கு வேலை செய்யும். ஆனால் அதற்குள் ஒளிந்திருக்கும் செய்தி, நடனம் தன்னளவில் வெட்கப்பட வேண்டியது, கால்பந்துக்கு உதவுவதால் மன்னிக்கலாம் என்பது. நடனத்தில் ஆண்களைப் பற்றி நிறைய ஆராய்ந்த மைக்கேல் கார்ட், டக் ரிஸ்னர் இருவரும் இப்படி ஆண்மை முலாம் பூசி விற்பதை விமர்சித்திருக்கிறார்கள். எனக்கும் அதே கருத்துதான். மென்மையாக ஆட விரும்பும் பையனை அந்த விளம்பரம் இரண்டாம் முறையாகவும் தள்ளிவைக்கிறது. முரட்டு அசைவு பிடித்தவனுக்கு முரட்டு அசைவு கொடுங்கள், தப்பில்லை. அமெரிக்க நடனக் கலைஞர் டெட் ஷான் 1933-ல் உடற்கல்வி மாணவர்களிலிருந்து ஆட்களைத் திரட்டி முழுக்க ஆண்களைக் கொண்ட குழுவை ஆரம்பித்து, வேலை செய்யும் உடம்பின் அசைவுகளை மேடைக்குக் கொண்டுவந்து 1940 வரை அமெரிக்கா முழுக்க ஆடிக் காட்டினார். அதற்கு அப்போது தேவை இருந்தது. எட்டு வயதில் ஒரே வகை அசைவுக்குள் ஒருவனை அடைக்க வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை.

ஆட்டம் ரொம்பப் பிடித்த பையன்களின் நிலை தனி. உங்கள் மகனுடைய வகுப்பில் அப்படி ஒருவன் இருக்கக்கூடும். கூடத்துக்குள் அவன் ஹீரோ. ஆண் குறைவு என்பதால் சுமாராக ஆடினாலும் முன்வரிசை, பாராட்டு, முக்கிய வேடம். கூடத்துக்கு வெளியே அவனுக்குப் பட்டப்பெயர். ரிஸ்னரின் ஆய்வுகளில் நடனம் கற்கும் பையன்கள் கிண்டலையும் தனிமையையும் பற்றித் திரும்பத் திரும்பப் பேசுகிறார்கள். 2019 ஆகஸ்டில் ஒரு அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர், ஆறு வயது பிரிட்டிஷ் இளவரசர் பாலே கற்கப்போவதைச் சொல்லி நேரலையில் சிரித்தார். சில நாட்களில் நூற்றுக்கணக்கான நடனக் கலைஞர்கள் டைம்ஸ் சதுக்கத்தில் கூடி, திறந்தவெளியிலேயே பாலே வகுப்பு நடத்தினார்கள். அவர் மன்னிப்பும் கேட்டார். அரச குடும்பத்துப் பிள்ளைக்கே அந்தச் சிரிப்பு என்றால் சாதாரணப் பையன் எத்தனை கேட்டிருப்பான்? உங்கள் மகன் ஓடுவதற்குக் காரணம், இன்னொரு பையனுக்கு நடப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பதாகவும் இருக்கலாம். அதையும் கேளுங்கள்.

நல்ல வகுப்பு எப்படி இருக்கும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் அமெரிக்க பாலே கலைஞர் ஜாக் டாம்புவாஸ். ஏழு வயதில் அம்மா அவரையும் அக்காவோடு பாலே வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போனார். அவர் ஓரமாக உட்கார்ந்து சேட்டை செய்துகொண்டிருந்தார். ஆசிரியை திட்டவில்லை, வெளியே அனுப்பவும் இல்லை. இவ்வளவு தெம்பு இருக்கிறதே, எழுந்து வந்து எவ்வளவு உயரம் குதிக்க முடியும் என்று காட்டு என்று சவால் விட்டார். குதித்தார், பிடித்துவிட்டது. பதினைந்து வயதில் நியூயார்க் சிட்டி பாலே குழுவில் சேர்ந்து, அதன் நட்சத்திரமாகவே பல பத்தாண்டுகள் ஆடினார். அப்புறம் 1976-ல் பள்ளிப் பிள்ளைகளுக்காக நேஷனல் டான்ஸ் இன்ஸ்டிட்யூட்டைத் தொடங்கினார், ஆரம்பத்தில் பையன்களுக்காக. அந்த ஆசிரியை செய்ததைக் கவனியுங்கள். அழகாக ஆடச் சொல்லவில்லை, உணர்ந்து ஆடச் சொல்லவில்லை. உடம்பு செய்யக்கூடிய, கண்ணால் அளக்கக்கூடிய ஒரு வேலையைக் கொடுத்தார்.

என் வகுப்பிலும் அதே வழிதான். நாலு பேர் குழு. எட்டு எண்ணிக்கைக்குள் ஒரு குதி, ஒரு சுற்று, ஒரு முறை தரையைத் தொட வேண்டும், ஆரம்பித்த இடத்திலேயே முடிய வேண்டும், மீதி உங்கள் இஷ்டம். பத்து நிமிடம். இதைக் கொடுத்ததும் பையன்கள் விளையாட்டு விதியைப் பற்றிச் சண்டை போடும் அதே குரலில் ஸ்டெப்பைப் பற்றிச் சண்டை போடுவார்கள். "ஆறில் சுற்றினால் எட்டில் எப்படிடா வந்து சேருவே?" என்று ஒருவன் கேட்கும்போது அவன் நடன அமைப்பு செய்துகொண்டிருக்கிறான், அது அவனுக்குத் தெரியாது, நானும் சொல்வதில்லை. பிறகு எல்லாக் குழுக்களும் ஒரே நேரத்தில் ஆடும், பார்வையாளர் கிடையாது. சில வாரம் கழித்து பாதி வகுப்பு ஆட, பாதி பார்க்கும். தனியாக ஆடுவது கேட்டு வருபவர்களுக்கு மட்டும். பாட்டு சட்டென்று நிற்கும்போது உறைந்து நிற்கும் விளையாட்டு, ஒருவர் பின் ஒருவராக அதே அசைவைத் தொடர்வது, இவையும் நன்றாக வேலை செய்யும். இங்கிலாந்தின் தேசியப் பாடத்திட்டத்தில் ஐந்து வயதிலிருந்தே நடனம் உடற்கல்வியின் பகுதி, பையன் பெண் வித்தியாசம் இல்லை. ஜப்பானில் 2012 முதல் நடுநிலைப் பள்ளியின் முதல் இரண்டு ஆண்டுகளில் பையன்களுக்கும் நடனம் கட்டாயமானது. எல்லோருக்கும் கட்டாயம் என்பதில் ஒரு நன்மை இருக்கிறது: "நீ ஏன்டா போறே?" என்ற கேள்வியே எழாது. உங்கள் பள்ளி செய்ததில் இது சரியான பகுதி. விலக்குக் கடிதம் கொடுத்தால் அவனுக்குக் கிடைத்த இந்தப் பாதுகாப்பும் போய்விடும். அடுத்த வாரமே அவன் ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பவன், எல்லோர் கண்ணும் அவன் மேல்.

வீட்டில் என்ன செய்வது என்றால், முதலில் "ஏன் பிடிக்கவில்லை?" என்று கேட்காதீர்கள், அதற்குக் கேடயம்தான் பதிலாக வரும். "இன்றைக்கு யார் பக்கத்தில் நின்றாய்? கை பிடிக்கச் சொன்னார்களா? யாராவது சிரித்தார்களா? எந்த ஸ்டெப் ரொம்ப வேகம்?" என்று துண்டு துண்டாக, வேறு வேலை செய்துகொண்டே கேளுங்கள். பதில் கிடைத்ததும் ஆசிரியரிடம் போய் ஒரே ஒரு விஷயம் கேளுங்கள், பட்டியல் வேண்டாம். கொஞ்ச நாளைக்கு அவனைத் தனியாக முன்னால் கூப்பிட வேண்டாம் என்றோ, கை பிடிப்பதற்குப் பதில் முழங்கை போதுமா என்றோ. பெரும்பாலான ஆசிரியர்கள் உடனே ஒத்துக்கொள்வார்கள், அவர்களுக்கும் ஒரு கோமாளி குறைவான். விருந்தாளிகள் வந்தால் "ஆடிக் காட்டுடா" என்பதை இன்றோடு நிறுத்துங்கள். உங்கள் கணவர் சமையலறையில் பாட்டுப் போட்டு மோசமாக ஆடட்டும், மகனைக் கூப்பிடாமல். அப்பா ஆடுவதைப் பார்ப்பது எந்த வரலாற்றுக் கதையையும்விடப் பெரிது.

சில நேரங்களில் விஷயம் நடனமே இல்லை. சட்டைப் பொத்தான், ஷூ கயிறு, பந்து பிடிப்பது, படியிறங்குவது இவற்றிலும் வயதுக்கு மீறித் தடுமாறினால், அசைவு ஒருங்கிணைப்புக் கோளாறு இருக்கிறதா என்று குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். ஐந்திலிருந்து பதினோரு வயதுக்குள் நூற்றுக்கு ஐந்தாறு பிள்ளைகளுக்கு இது உண்டு, பையன்களிடம் அதிகம். நடன வகுப்பு அதை எல்லோர் முன்னாலும் வெளிச்சம் போட்டுக் காட்டிவிடும், அதனால் வரும் வயிற்று வலி நியாயமானது. கூடத்தின் சத்தமே தாங்காமல் காதைப் பொத்தும் பிள்ளைகளும் உண்டு. ஒலிபெருக்கிக்குத் தூரமாக நிற்க வைத்தாலே பாதி சரியாகும். கிண்டல் எல்லை மீறி, தொடர்ந்து குறிவைக்கும் அளவுக்குப் போயிருந்தால் பேச வேண்டியது வகுப்பாசிரியரிடம், அப்போது விலக்கு கேட்பது கிண்டல் செய்தவர்களுக்குப் பரிசு கொடுப்பதாகிவிடும்.

இதையெல்லாம் செய்து ஒரு பருவம் முழுக்கப் போன பிறகும் பிடிக்கவில்லை என்றால் அவன் பேச்சை நம்புங்கள். வகுப்பில் இருக்கட்டும், மேடை நிகழ்ச்சியில் மட்டும் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளலாம், இசையைப் போடுவது, எண்ணிக்கை சொல்வது போன்ற வேலை கொடுக்கலாம். வெளியே ஏதாவது முயன்று பார்க்க அவனே கேட்டால் பிரேக்கிங், அதாவது பிரேக் டான்ஸ், நல்ல இடம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அது போட்டியாகவே நடந்தது, ஜோடி கிடையாது, கை பிடிக்க வேண்டாம், தரையில் உருளலாம். முழங்கால் உறை மட்டும் வாங்கிக் கொடுங்கள்.